மலையின் சுறுசுறுப்பு பூஜ்ஜியம்

இன்று மாவட்ட கோ-கோ அணித் தேர்வு. என் தம்பி மகள் நித்யா மின்னலுக்கே டியூஷன் எடுக்கிறவள்.

வளைந்து வளைந்து ஓடுகிறவளைப் படம்பிடித்தால், செல்போன் ஆப்பே சுறுசுறுப்பை அளந்து மார்க் போடுமாம்.

"ஆடாம பிடிங்க சார்" என்று கோச் போனை என்னிடம் தந்தார்.

விசில் ஊதியதும் பழக்க தோஷம். போனைக் கற்பூரத் தட்டு மாதிரி, மைதானத்துக்குப் பின்னால் தெரிந்த மலைக்கு நேராகத் தூக்கி, "அண்ணாமலையாரே, புள்ளைய ஜெயிக்க வைப்பா" என்று கண்மூடி வேண்டிக்கொண்டேன்.

ஆப் மலையை அளந்துவிட்டது. சுறுசுறுப்பு, பூஜ்ஜியம்.

"ஒருத்தருக்கு ஒரு சான்ஸ்தான் சார். அடுத்த பொண்ணு, வாம்மா!"

பஸ்ஸில் நித்யா ஒன்றே ஒன்று கேட்டாள்: "உங்கள யாரு பெரியப்பா வரச் சொன்னது?"

 மலை அசையாதுன்னு ஆப்புக்கும் தெரிஞ்சுபோச்சு. ஜன்னல் பக்கம் திரும்பின இவளை அசைக்க யாராவது வழி சொல்லுங்க. வேண்டிக்கோன்னு மட்டும் சொல்லாதீங்க.