தொட்டிலில் ஓடிய வாட்ச்

எங்கள் மச்சானுக்குக் கல்யாணத்தில் போட்ட வாட்சைத் தொட்டிலில் போட்டு வளர்த்தவள் நான்தான். இதை யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அந்தக் கோடை விடுமுறையில் என் வயதுப் பிள்ளைகளெல்லாம் மட்டாஞ்சேரி படகுத்துறையில் குதித்து விளையாடிக்கொண்டிருக்க, நான் வீட்டுக்குள் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி தூங்க வேண்டும், வாட்ச் தூங்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே தொட்டில்.

வீட்டில் மூத்தவள் அக்கா. கடைசி, கைக்குழந்தையாக இருந்த தம்பி. நடுவில் நான். அத்தாவுக்குப் பஜார் ரோட்டில் சாக்குக் கடை. அக்கம்பக்கத்தில் மிளகு, சுக்கு, ஏலக்காய் என்று மணக்க மணக்க வியாபாரம் நடக்கும். அவர்கள் எல்லோருக்கும் சாக்கு எங்களிடம்தான். மணம் அவர்களுக்கு, தூசி எங்களுக்கு.

அக்காவுக்கு இடக்கொச்சியில் மாப்பிள்ளை அமைந்தது. மீன்பிடிப் படகுகளின் எஞ்சினைப் பழுது பார்க்கிறவர். அவருக்குத் தகப்பனார் இல்லாததால் அவருடைய பெரியத்தாதான் பேச வந்தார். அது வேண்டும், இது வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. சாயாவைக் குடித்து முடித்துவிட்டு, "பையன் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறான். தண்ணியில விழுந்தாலும் நிக்காம, இருட்டுலயும் மணி தெரியற மாதிரி ஒரு வாட்ச்" என்றார்.

நியாயமான ஆசைதான். பாதி நாள் கை காயல் தண்ணீரில், மீதி நாள் தலை எஞ்சின் குழி இருட்டில். அதற்கு முன் அவர் கட்டிய வாட்சுகளெல்லாம் நீர் குடித்தே செத்துப்போயிருந்தன. ஆனால் அத்தாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"நாலு சாமான் கேட்டிருந்தா ஒண்ணு முன்னப்பின்ன இருந்தாலும் மத்ததுல மறைஞ்சிரும். ஒரே ஒரு சாமான் கேட்டுட்டாங்களே! இதுல கோட்டை விட்டா என் முகத்தை எங்க கொண்டுபோய் வைப்பேன்?" என்று அம்மாவிடம் புலம்பினார்.

அக்காவின் கவலை வேறு. அத்தாவோடு இடக்கொச்சிக்குப் போய் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தவள் நான் ஒருத்திதான். அக்கா பார்த்ததில்லை. அடுக்களையில் என்னை மடக்கி, "அவங்க கை எப்படிடி இருக்கும்?" என்று கேட்டாள்.

"கிரீஸா இருக்கும்."

"அதில்லடி. மணிக்கட்டு. என் கையைவிடத் தடிமனா?"

அவள் கை முருங்கைக்காய். "உன் கையை மாதிரி ரெண்டு" என்றேன். அதற்கு ஏன் முகம் அப்படிச் சிவந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. முகம், மூக்கு, நிறம் என்று கேட்க எவ்வளவோ இருக்க, மணிக்கட்டைக் கேட்கிறாளே, லூசு என்று நினைத்துக்கொண்டேன்.

வாட்சைக் கண்டுபிடித்தது மாமா, அம்மாவின் தம்பி. உலகத்தில் அவருக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்பது அவருடைய கருத்து. கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மலையாளி சேட்டன், சந்துக்குள் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். கடலுக்குள் முங்குகிறவர்கள் கட்டும் வாட்ச் அவரிடம் ஒன்று இருந்தது. தடித்த உடம்பு, கறுத்த முகம், சுற்றிலும் திருகினால் கிர்ர்ரென்று நகரும் வளையம், கறுப்பு ரப்பர் பட்டை. யாரும் கேள்விப்படாத கம்பெனி. அதனால்தான் எங்கள் கைக்கு எட்டியது.

சேட்டன் வாட்சோடு எங்கள் சாக்குக் கடைக்கே வந்தார். "சாவி கொடுக்கண்ட, தன்னே ஓடிக்கோளும். வெயில் காட்டண்ட, தன்னே மின்னிக்கோளும்" என்றார். சாவியும் வேண்டாம், வெயிலும் வேண்டாமாம்.

"ரேடியமா?" என்று கேட்டார் அத்தா.

"ரேடியமோ! அது பழைய ஏர்ப்பாடு. இது டிரிட்டியம்" என்று சொல்லி, முகத்தின் அடியில் பொடியாக அச்சாகியிருந்த ஆங்கில எழுத்தைத் தொட்டுக் காட்டினார். மாமாவுக்கு அந்த வார்த்தை அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஏற்கெனவே தெரியும் என்பதுபோல், "டிரிட்டியம்தான் நல்லது" என்றார்.

அத்தா எதையும் சோதிக்காமல் வாங்கமாட்டார். தண்ணீர்ச் சோதனையை சேட்டனே நடத்தினார். குடிக்க வைத்திருந்த தண்ணீர் கிளாசில் வாட்சைப் பொதுக்கென்று போட்டார். அத்தா, "யா அல்லா!" என்று எழுந்தேவிட்டார். உள்ளே கிடந்தபடியே அது ஓடியது. அடுத்து இருட்டுச் சோதனை. உச்சி வெயில் நேரம், கிடங்குக்குள் போனாலும் ஓட்டு இடுக்கில் வெளிச்சம் விழுந்தது. அத்தா யோசித்தார். சாக்குக் கடைக்காரர் வேறு என்ன யோசிப்பார்? ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சாக்கை எடுத்து, வாட்சோடு தலைவழியே போட்டுக்கொண்டு குந்திவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு மிளகு வியாபாரி உள்ளே வந்து, "முதலாளி எங்கே?" என்று கேட்டார். நான் சாக்கைக் காட்டினேன். சாக்குக்குள்ளிருந்து, "மாஷா அல்லா! பச்சைப் பசேல்னு இருக்கே!" என்று குரல் வந்தது. அந்த மனிதர் கொஞ்ச நேரம் சாக்கையே பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

அத்தாவின் முகத்தில் பல நாள் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன். வாட்ச் வீட்டுக்கு வந்தது. அம்மா அதைப் பட்டுத்துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அங்கேதான் வந்தது வினை. ஓரிரு நாள் கழித்து யாருக்கோ காட்டுவதற்காக எடுத்தால், நின்றுபோயிருந்தது.

கல்யாண வீட்டில் கடிகாரம் நிற்கலாமா? அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மாமா, சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் சேட்டன் கடைக்கு ஓடினார். சேட்டன் வயிறு குலுங்கச் சிரித்தாராம். "அலமாரயில் வெச்சால் எங்ஙனெ ஓடும்? கையில் கெட்டணம். கை அனங்ஙணம். கையாணு இதின்றெ சாவி!"

கட்டிய கை அசைந்தால்தான் வாட்சுக்கு உயிர். சரி, யார் கையில் கட்டுவது? மாமா உடனே கையை நீட்டினார். அம்மா அந்தக் கையில் அடி ஒன்று போட்டாள்.

"மாப்பிள்ளைச் சாமானை மாப்பிள்ளைக்கு முன்னாடி ஒருத்தர் போடுறதா? போட்டுக் கழிச்சதைக் கொடுத்தாங்கன்னு நாளைக்கு ஒரு சொல் வரணுமா?"

அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். வேட்டி, சட்டை, செருப்பு எதுவானாலும் மாப்பிள்ளை உடம்பில் படுமுன் வேறு உடம்பில் படக் கூடாது. போடவும் கூடாது, நிற்கவும் கூடாது. வீடே திகைத்து நின்றபோது தம்பி வீறிட்டான். நான் வழக்கம்போலத் தொட்டிலை ஆட்டப் போனேன். மாமாவின் கண் தொட்டிலோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. அவ்வளவுதான். சேலையை விரித்துப் பிடிக்கும் தொட்டில் கம்பில் வாட்சைக் கட்டினார்கள். நான் ஆட்டினேன். தம்பி வாயை மூடினான், வாட்ச் கண்ணைத் திறந்தது.

அன்றிலிருந்து என் மதிப்பே வேறு. கடைக்குப் போ, தண்ணீர் எடு என்று ஒரு வேலை கிடையாது. "அவளைக் கூப்பிடாதே, வாட்சுக்கு ஆட்டுறா" என்பார் அத்தா. மத்தியானம் மட்டும் நான் அசந்து தூங்கிவிடுவேன். அப்போது அக்கா பார்த்துக்கொள்வாள். அவளாகவே முன்வந்து கேட்ட வேலை அது. பாவம், அந்த வெயில் காலத்தில் அவளுக்கு என்ன குளிரோ, மத்தியானமானால் தலைவரை போர்த்திக்கொண்டு படுப்பாள். காய்ச்சல் என்று நினைத்து அம்மா மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். முகம் சுளிக்காமல் குடித்தாள். இதற்கு நடுவில் என் இன்ஸ்ட்ருமென்ட் பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து, ஊசி முனையை அடுப்பில் காட்டிக் கரியாக்கி வேறு வைத்திருந்தாள். புது காம்பஸ்! கேட்டால், "முள்ளு எடுத்தேன்டி" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஒருமுறை அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு சுள்ளிக்கல்லில் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். அங்கே தங்க வேண்டியதாகிவிட்டது. கல்யாணப் பெண் வெளியே போகக் கூடாது என்று அக்கா வீட்டிலேயே இருந்தாள். எனக்கு அங்கே பொட்டுத் தூக்கமில்லை. ஆட்ட ஆளில்லாமல் வாட்ச் நின்றிருக்குமே! திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. மணியும் மிகச் சரி.

அம்மா அக்காவைப் பிடித்துக்கொண்டாள். "வெறும் தொட்டிலையா ஆட்டினே? பிள்ளை இல்லாத தொட்டிலை ஆட்டலாமாடி?"

"சத்தியமா ஆட்டலம்மா" என்றாள் அக்கா.

"அப்புறம் எப்படி ஓடுது?"

அக்கா தரையைப் பார்த்தாள். மாமாதான் பதில் சொன்னார். "டிரிட்டியம்க்கா! அதுக்குன்னு ஒரு சக்தி இருக்கு."

நாங்கள் எல்லோரும் நம்பினோம். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும்கூட. தானாகவே ஓடும் என்றால் என்னை எதற்கு இத்தனை நாள் உட்கார வைத்தார்களாம்?

கல்யாணத்தன்று எங்கள் வீட்டு முன்னால்தான் பந்தல். நிக்காஹ் முடிந்தது. பெண்ணின் தாய்மாமன்தான் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்ட வேண்டும். மாமா தட்டிலிருந்து அதை எடுத்துக் கூட்டத்துக்கெல்லாம் தூக்கிக் காட்டினார். மாப்பிள்ளையின் பெரியத்தா, "கொடுங்க, பார்ப்போம்" என்று வாங்கினார். திருப்பினார், காதில் வைத்தார், தலையாட்டினார். அப்புறம் பட்டையைத் தடவிக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது.

"இதென்ன ஓட்டை?"

பட்டையில் கம்பெனி போட்ட துளைகள் வரிசையாக, அளந்து வைத்தாற்போல் இருந்தன. அவற்றையெல்லாம் தாண்டி உள்ளே தள்ளி, கோணலாக, ஓரம் தீய்ந்து இன்னொரு துளை.

"யாரோ கட்டின வாட்சால்ல இருக்கு! எங்க பையனுக்குப் பழசையா போடுறீங்க?"

பந்தலில் விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. மாமாவுக்கு டிரிட்டியம்கூட வாயில் வரவில்லை. சேட்டன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் அத்தா நினைத்திருப்பார். "அல்லா மேல ஆணையா, புதுசுன்னுதான் வாங்கினேன்" என்று இரண்டு கையையும் விரித்தார். என் அத்தா ஊருக்கு முன்னால் அப்படி நின்றதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளை கையை நீட்டி வாட்சை வாங்கினார். அந்தத் துளையைக் கட்டைவிரலால் தடவினார். பட்டையை அந்தத் துளையில் மாட்டி, விழுந்த வட்டத்தைப் பார்த்தார். அதற்குள் அவருடைய மூன்று விரல்தான் நுழைந்தது. பெண்கள் இருந்த பக்கத்துத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, சட்டென்று நின்றது. அவர் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார். மறுபடி வாட்சைப் பார்த்தார். எதையோ விழுங்குவதுபோல் உதட்டை மடித்துக்கொண்டார்.

"பெரியத்தா, முங்குற வாட்சுன்னா அந்த ஓட்டை இருக்கும். தண்ணிக்குள்ள போனா கை சுருங்கும்ல? அப்ப இறுக்கிக் கட்டணும்ல?"

பெரியத்தா தண்ணீருக்குள் போனவரில்லை. "அப்படியா?" என்றார்.

"ஆமா, கம்பெனியே போட்டுத்தான் அனுப்புறான்!" என்று மாமாவுக்கு உயிர் வந்தது. "நல்ல கம்பெனின்னா அப்படித்தான்!"

அதற்குப் பிறகு பந்தலே அந்தத் துளையைப் பாராட்டியது. நாலு பேர் வாங்கிப் பார்த்தார்கள். அத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் துடைத்தார். பிரியாணி பரிமாறும்போது அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பள்ளிக்கூடம் திறந்ததும் சொல்ல வேண்டும் என்று நான் அந்த விவரத்தைப் பத்திரமாக மனசில் வைத்துக்கொண்டேன். எங்கள் கணக்கு டீச்சருக்கேகூட இது தெரிந்திருக்காது.

மறுவீட்டு விருந்துக்கு இருவரும் வந்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு, கை கழுவக் கொல்லைக்குப் போன மச்சான் வாட்சைக் கழற்றினார். தண்ணீருக்குப் பயப்படாத வாட்சை எதற்குக் கழற்றினாரோ! கழற்றி அக்காவிடம் நீட்டினார். அவள் கிணற்றடிக் கோழியைப் பார்த்தபடியே அதை வாங்கித் தன் கையில் கட்டினாள். கண்ணால் பார்க்காமலே கொக்கி அந்தக் கோணல் துளையில் போய் உட்கார்ந்தது. வாட்ச், அக்கா கைக்கென்றே செய்ததுபோல் பொருந்தி நின்றது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அது முங்குறப்ப போடுற ஓட்டை! உன் கைதான் நனையவே இல்லையே, எப்படிச் சுருங்குச்சு?"

மச்சான் வாய் கொப்பளிக்க எடுத்த தண்ணீரைப் புர்ரென்று துப்பிவிட்டுச் சிரித்தார். அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, துவைக்கும் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒருவரையொருவர் பார்ப்பதும் சிரிப்பதும், பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்த வாட்சை ராப்பகலாக ஆட்டி வளர்த்தவள் நான், என்னை ஒரு பேச்சுக்கும் மதிக்கவில்லை.

நான் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைத்தேன். அக்காவின் கையைப் பிடித்து வாட்சோடு அதற்குள் முக்கினேன்.

"இப்பத்தான் சரி" என்றேன்.