குளிப்பாட்ட ஆள் தேவை

பன்னீர் வாசம். கண்ணை மூடினால் கல்யாண மண்டப வாசலில் யாரோ பன்னீர்ச் செம்பை உதறுகிறார்கள், எல்லாரும் சிரித்தபடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திறந்தால் நான் கிள்ளானில், ஓர் இறுதிச்சடங்குக் கடையின் பின்னறையில் நிற்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில், மாலைக்கடைகளுக்கு மேல்மாடியில் எனக்கு வேலை. ஆள் தேடுகிறவர்களுக்கு விளம்பரம் எழுதிக் கொடுப்பேன். சாப்பாட்டுக்கடையோ லோரி கம்பெனியோ, கை தானாகவே எழுதும்: குடும்பச் சூழல், நல்ல சம்பளம், உடனே அழைக்கவும்.

கிள்ளானில் அந்த இறுதிச்சடங்குக் கடையை நடத்திய அக்கா வேலைக்குக் கேட்டது ஒரே ஒரு பெண்ணை. இறந்த பெண்ணைப் பெண்தான் குளிப்பாட்ட வேண்டும். வருடக்கணக்காக அவரே செய்துவந்தார். இப்போது தோள் போய்விட்டது, இனி எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆள் இல்லாமல் ஒரு வீட்டாரைத் திருப்பி அனுப்பியிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் ஆபீஸில் சாமிப்படத்துக்குக் கீழே கணினி. சாவு என்ற சொல்லை அங்கே யாரும் தட்டுவதில்லை. நானும் தட்டவில்லை. ‘பராமரிப்பு நிலையத்துக்குப் பெண் உதவியாளர் தேவை’ என்று எழுதினேன்.

ஒன்பது பேர் வந்தார்கள். நீண்ட எஃகு மேசையைப் பார்த்ததும் ஒவ்வொருவருக்கும் அவசரமாக ஒரு போன் வந்தது. செமினியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று நினைத்தேன் என அழுதிருக்கிறாள். ஒருவரும் போகும்போது ‘வரேன்’ என்று சொல்லவில்லை. இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர் அதைச் சொல்லக் கூடாது. அந்தக் கடையிலும் அதே வழக்கம். வாங்க வந்தவர்கள், பூக்காரர், நான், எல்லாரும் பேசாமல் நழுவுவோம்.

“என்ன தம்பி எழுதினீங்க? ஒருத்தி பியூட்டி பார்லர்னு நெனச்சு என்கிட்டயே புருவம் எடுக்க எவ்வளவுன்னு கேட்டா லா” என்றார் அக்கா.

“அந்த வார்த்தையப் போட்டா யாரும் வர மாட்டாங்கக்கா.”

“இப்ப மட்டும் யாரு இருக்கா?”

அவர் செய்வதைச் சொல்லச் சொன்னேன்.

“மொதல்ல பேரு சொல்லிக் கூப்புடுவேன். தண்ணி ஊத்துறேன்மான்னு சொல்லிட்டுத்தான் ஊத்துவேன். வெதுவெதுன்னு இருக்கணும். வளையல் கழட்டுனா அவங்களுக்கு வலிக்காதுதான். ஆனா வலிக்கும்னு நெனச்சே கழட்டணும்.”

அப்படியே எழுதினேன். இறந்த பெண்களைக் குளிப்பாட்டும் வேலை. உடல் கனக்கும். வாசம் இருக்கும். உங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கச் சிலர் தயங்குவார்கள். வலிக்கும் என்று நினைத்து வளையல் கழற்றுகிறவர் வரவும்.

இரண்டு வாரம் ஒருவரும் வரவில்லை. நான் எழுதியதிலேயே மோசமான விளம்பரம் அதுதானோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் கிள்ளானுக்குப் போனேன். அப்போதுதான் காப்பாரிலிருந்து மோட்டார்சைக்கிளில் ஒரு பெண் வந்து இறங்கினார். நாற்பதைத் தாண்டியவர். உள்ளே வந்து உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“எங்கம்மாவக் குளிப்பாட்டுனவங்க வளையல இழுத்தாங்கக்கா. நான் கதவுகிட்டயே நின்னேன். ஒண்ணும் சொல்லல.”

அக்கா எழுந்து பின்னறைக்குப் போனார், நாங்களும் பின்னால் போனோம். வெந்நீரில் பன்னீர் ஊற்றினார். வலிக்கும் தோளைத் தாங்கியபடி கையை எஃகு மேசைமேல் நீட்டினார். கையில் நான்கு கண்ணாடி வளையல்கள்.

“கழட்டு.”

அந்தப் பெண் உடனே தொடவில்லை. “தண்ணி ஊத்துறேன்க்கா” என்றார். ஊற்றினார். சோப்பு தேய்த்து, விரல்களைக் குவித்து, ஒன்று, பிறகு ஒன்று. வளையல்கள் மேசையில் சத்தமில்லாமல் அமர்ந்தன. அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான்காவதும் வந்த பிறகும் திறக்கவில்லை.

நான் வழக்கம்போலப் பேசாமல் செருப்பைத் தேடினேன். அந்தப் பெண் ஹெல்மெட்டை மாட்டி, வாசற்படியில் திரும்பி நின்றார்.

“காலையில ஏழு மணிக்கு வரேன்க்கா.”