மதியம் 1:40, ஒரு குவளைத் தண்ணீர்

நம்பினால் நம்புங்கள். சிலுவைமேல் கை வைத்துச் சொல்கிறேன், இது என் வீட்டில் பட்டப்பகலில் நடந்தது. 1979 ஜனவரி. ஊர் காசாபா.

என் அப்பா கிரிசாந்தோ எங்கள் பராகுவே நாட்டுக்காக, சாக்கோ என்ற தண்ணீரில்லாப் பொட்டல்காட்டில் நடந்த போரில் சண்டை போட்டவர். திரும்பி வந்து கல்யாணம் கட்டினார், ஆரஞ்சுத் தோட்டம் போட்டார், ஏழு பிள்ளைகளை ஆளாக்கினார். எங்களை ஒரு அடி அடித்ததில்லை. போரைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். கடைசியில் இதயம் பழுதாகி, உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்டது. தண்ணீர் கொடுத்தால் ஆள் தங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"நிமியா... ஒரு வாய் குடும்மா."

உயிர் போகும்வரை இதையே கேட்டார். நான் கொடுக்கவில்லை. பாவி நான்.

அடக்கம் முடிந்து ஒன்பது நாள் ஜெபம் தொடங்கியது. முதல் நாள் மதியம், ஊரே உறங்கும் வேளை. மணி 1:40. சமையலறையில் மண்பானையின் மூடி நகர்ந்தது.

க்ர்ர்ர்...

பிறகு மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். யாருமில்லை. பானையில் ஒரு குவளைத் தண்ணீர் குறைந்திருந்தது. அப்பாதான் என்று நினைத்தேன். பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. தினமும் பானையை நிரப்பி வைத்தேன். தினமும் 1:40. தினமும் ஒரு குவளை.

நான்காம் நாள் தரையில் வெறுங்கால் தடம். சாம்பல் மாதிரி வெள்ளைப் புழுதி. எங்கள் ஊர் மண்ணோ செக்கச் சிவப்பு.

ஐந்தாம் நாளும் தடம். ஆனால் வேறு கால். பெருவிரல் இல்லை...

ஏழாம் நாள் கதவுக்குப் பின்னால் நின்றேன். மூச்சுவிடவில்லை.

"கார்ப்பரல்... ஒரு வாய்..."

அது அப்பாவின் குரல் இல்லை.

ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு, அப்பாவோடு போரில் இருந்த கிழவர் எலிகியோ வந்தார். கூட்டம் கலைந்தபின் அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க படைக்குக் கார்ப்பரல் உங்கப்பன்தாம்மா. சாக்கோவுல, அந்த வெள்ளைப் புழுதியில, தண்ணி லாரி வழி தவறிப்போச்சு. இருந்த தண்ணிய, நடக்க முடிஞ்சவனுக்கு மட்டுந்தான் கொடுத்தான். நானும் குடிச்சேன். மத்தவங்க கெஞ்சிக் கெஞ்சியே செத்தாங்க."

எத்தனை பேர் என்று கேட்டேன்.

"பதினோரு பேரு. லாரி வந்து சேர்றவரைக்கும் உங்கப்பனும் குடிக்கலம்மா. எல்லாரும் குடிச்ச பெறகுதான் நான்னுட்டான்."

பத்தாம் நாள், 1:40. ஒரு குவளை.

பதினோராம் நாள். ஒரு குவளை.

பதினோரு பேரும் குடித்தாயிற்று. இனி அப்பாவின் முறை. பன்னிரண்டாம் நாள் பானையின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

1:40...

1:50...

"குடிங்கப்பா" என்றேன்.

மூடி அசையவில்லை.

இன்றும் நிரப்பி வைக்கிறேன். ஒரு சொட்டு குறைந்ததில்லை.