உக்கிரபாண்டி ஏற்றிய கண்ணாடி

உக்கிரபாண்டி ஓட்டுகிற வேனில் ஏறியவர்கள் முதலில் அவரோடு சண்டை போடுவார்கள், அப்புறம்தான் சாமி கும்பிடுவார்கள். சண்டை எல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான். மழையோ வெயிலோ, டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை அவர் ஏற்ற மாட்டார். அடைத்த இடத்தில் அவருக்கு மூச்சு முட்டும். வீட்டில்கூட வாசலில்தான் கட்டில். யாராவது ஏற்றச் சொன்னால், "இது என்ன கோழிப் பஞ்சாரமா, கவுத்துப் போட?" என்பார். அந்தப் பெயரை வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

வேன் ராஜபாளையம் ராஜரத்தினத்துடையது. யாத்திரைக்கு ஆள் சேர்த்து அழைத்துப்போவது அவர் தொழில். உள்ளே இருபுறமும் பலகை அடித்து, பகலில் உட்காரவும் ராத்திரி படுக்கவும் வசதி செய்திருந்தார். பின்கதவை ஒட்டிச் சமையல் சாமான்களும் கரி அடுப்பும் இருக்கும். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே அடுப்பைக் கீழே இறக்கிச் சோறு பொங்குவார்கள், உள்ளே ஏறித் தூங்குவார்கள். ஊரில் அதற்கு ஓடுகிற சத்திரம் என்று பெயர்.

எண்பத்தாறாம் வருஷம், சிவராத்திரிக்குக் காசி, அப்படியே வடக்கே ஏறிக் காஷ்மீர் என்று ஏற்பாடு. கிளம்புகிற நேரம் பார்த்துச் சமையல்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு ஆள் கிடைக்காமல் உக்கிரபாண்டியின் மனைவி மாரியாத்தாள் கரண்டியைக் கையில் எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் வீட்டில் தங்கியதில்லை. பிள்ளை குட்டியும் இல்லை. இப்போது வண்டி நின்றதும் அவள் தாளிக்கிற வாசனை வந்தால், இறங்காமல் கொஞ்ச நேரம் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பார். டிரைவர் இந்த வயதில் புதுமாப்பிள்ளை ஆகிவிட்டார் என்று வண்டியிலிருந்த பெரிசுகள் கேலி செய்தார்கள். அதற்கு அவர் கோபப்படவில்லை என்பதுதான் அதிசயம்.

ஜம்முவைத் தாண்டியதும் கேலி நின்றுபோனது. பானிஹால் கணவாய்க்கு ஏறும் பாதையில் ஒரு பக்கம் பனிச் சுவர், மறுபக்கம் அடி தெரியாத பள்ளம். சக்கரம் பிடிமானம் இல்லாமல் நழுவுவதை அவர் உட்கார்ந்த இடத்திலேயே உணர்ந்தார். ராஜபாளையத்து டிரைவருக்குப் பனி என்றால் மார்கழி விடியலுக்கு மேல் என்ன தெரியும்? மேலே வளைவில் ஒரு லாரி வழுக்கிக் குறுக்கே நிற்பதாகச் சொல்லி, போலீஸ்காரர்கள் எல்லா வண்டிகளையும் நிறுத்தினார்கள். நின்ற வண்டிகள் மேல் பனி கொட்டிக்கொண்டே இருந்தது. மழை என்றால் சத்தமாவது கேட்கும். இது சத்தமே இல்லாமல் மூடியது. அவருக்கு அது பிடிக்கவே இல்லை.

பெரிசுகளுக்குப் பல் கிட்டித்தது. அந்த ஊர் ஆட்கள் நீண்ட அங்கிக்குள் சின்னக் கணப்புச் சட்டியைப் பிடித்தபடி நடந்துபோனார்கள். ராஜரத்தினம் அவர்களைக் காட்டி, "இங்க அவனவன் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத் திரியுதான். நாம அடுப்ப உள்ள வச்சா என்ன?" என்றார். அடுப்பு உள்ளே வந்தது. சாக்கையும் பழஞ்சேலையையும் திணித்து இடுக்குகளை அடைத்தார்கள். கதகதப்பு வந்தது, பின்னாலேயே தலைவலியும் வந்தது. வெள்ளத்தாய் என்ற கிழவி வாந்தி எடுத்தாள். மலைக்காற்று ஒத்துக்கொள்ளாவிட்டால் அப்படித்தான் என்று ராஜரத்தினம் ஆளுக்கொரு கற்பூரக் கட்டியைக் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். குளிர் விடவில்லை என்று இன்னும் இரண்டு கை கரியை அள்ளிப் போட்டார்கள். உக்கிரபாண்டிக்கு மட்டும் தலை வலிக்கவில்லை, அவர் பக்கத்துக் கண்ணாடி திறந்திருந்தது. அதை அவர் யோசிக்கவில்லை. யாருமே யோசிக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல், லாரியை நகர்த்தக் கை கொடுக்கச் சொல்லி மற்ற டிரைவர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் இறங்கும்போது, அடுப்பை ஒட்டி முக்காடு போட்டு நடுங்கிக்கொண்டிருந்த மாரியாத்தாள் தலையைத் தூக்கினாள்.

"அந்த ஒரு கண்ணாடியவும் ஏத்திட்டுப் போங்க. குளிரு அதுவழியாத்தான் வருது."

அவள் அவரிடம் எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை. சேலை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை. "சரிட்டி" என்று சொல்லி, கண்ணாடியை முழுக்க ஏற்றிக் கதவைச் சாத்தினார். கொஞ்ச தூரம் நடந்து திரும்பிப் பார்த்தார். கண்ணாடியெல்லாம் ஆவி பூத்து, வண்டி அடக்கமாக நின்றது. பெண்டாட்டிக்கு ஒரு நல்லது செய்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. அந்தச் சந்தோஷம்தான் பாவி மனுஷனைக் கடைசிவரை தின்றது.

லாரிக்கு அடியில் பனியை வெட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற சர்தார் டிரைவர் உன் ஆட்கள் எங்கே என்று சைகையில் கேட்டார். டீசல் போடவும் வழி கேட்கவும் மட்டும் இந்தி தெரிந்த உக்கிரபாண்டி, வண்டிக்குள் அடுப்பு எரிவதை, கைகளை நீட்டிக் குளிர்காய்கிற மாதிரி காட்டினார். சர்தார் காற்றில் ஒரு சதுரம் போட்டு ஜன்னலைப் பற்றிக் கேட்டார்.

"பந்த்," என்றார் உக்கிரபாண்டி. "சப் பந்த்." எல்லாம் அடைத்தாயிற்று என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

சர்தார் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார். எதற்கென்று தெரியாமலே உக்கிரபாண்டியும் ஓடினார். பாதி வழியில், தனக்கு மட்டும் ஏன் தலை வலிக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

வண்டிக்குள் பேச்சு மூச்சில்லை. சர்தார் ஜாக்கிக் கம்பியால் கண்ணாடிகளை உடைத்தார். ஒவ்வொருவராக இழுத்துப் பனியில் போட்டார்கள். ராஜரத்தினமும் பெரிசுகளும் ஒருவர் பின் ஒருவராக இருமி, வாந்தி எடுத்து, கண் திறந்தார்கள். அடுப்பை ஒட்டி இருந்தவள் மட்டும் திறக்கவில்லை. அவள் முகம் வெளுக்கவில்லை. சிவந்து, நன்றாகத் தூங்கி எழப்போகிற முகமாக இருந்தது. அதனால் அவர் வெகுநேரம் நம்பிக்கொண்டு கன்னத்தைத் தட்டினார், வாயில் ஊதினார். பக்கத்தில் வெள்ளத்தாய் எழுந்து உட்கார்ந்து, "எந்த எடுபட்ட பய கண்ணாடிய ஒடச்சது? குளிருதுல்லா," என்றாள். கடைசியில் சர்தார்தான் அவர் கையைப் பிடித்து விலக்கினார்.

அந்த ஊர்க்காரர்கள் கொடுத்த விறகில் அங்கேயே அவளை எரித்தார்கள். உடைந்த கண்ணாடிகளோடு ராஜபாளையம் வரை அவர்தான் ஓட்டி வந்தார். நான்தான் அடைத்தேன் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை, மலைக்காற்று அவளைக் கொண்டுபோய்விட்டது என்றார்கள். ஊரில் கூட்டம் போட்டு, இத்தனை உயிரைக் காப்பாற்றியவர் என்று சால்வை போர்த்தினார்கள். அதற்குப் பதில் நாலு பேர் செருப்பால் அடித்திருந்தால் அவர் தேறியிருப்பார்.

அதன்பின் அவர் வடக்கே போகவில்லை. தொண்ணூறுகளில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஓடுகிற பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். ஏறுகிற பெண்கள் அவரை அடையாளம் கண்டு தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பூவும் பொட்டுமாய், அதுவும் புண்ணிய யாத்திரையில் போய்ச் சேர்வது யாருக்குக் கிடைக்கும் என்பார்கள். அவர் கியரை மாற்றுவார்.

ஒரு வருஷம் ஆடிப்பூரத் தேருக்குப் போகிற கூட்டத்தில், முன்னால் நின்ற ஒருத்தி அவரிடமே சொல்லிவிட்டாள். "ஒங்க வீட்டம்மா குடுத்து வச்சவிய அண்ணாச்சி. சாமியே கூப்பிட்டுக்கிட்டாரு."

அவர் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தினார். கண்டக்டர் விசில் அடித்தும் எடுக்கவில்லை. திரும்பி அவளைப் பார்த்தார். உக்கிரபாண்டிக்குக் கோபமே வரவில்லை.

"அவ சாமியப் பாக்க வரல தாயி. காசியிலகூட கோயிலுக்குள்ள போகல, வண்டியிலயேதான் இருந்தா. ஏன் போகலன்னு கேட்டேன். நீங்க இங்ஙனதான இருக்கீகன்னு சொன்னா."