பஸ்கா இரவில் ஒரு தாழ்ப்பாள்

எருசலேம் சந்தையில் இரவுக் காவல் பார்த்த ஷெமாயாவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. மீன்காரன் சிரித்தால் தராசைப் பார்ப்பார். பிச்சைக்காரன் வாழ்த்தினால் சட்டைப்பையைத் தடவிக்கொள்வார். வாசல் நிலையில் பதித்திருந்த வேதச் சுருளின் உறையை எவனாவது பெயர்த்துக்கொண்டு போய்விடுவான் என்று கூடுதலாக ஆணி அடித்து வைத்திருந்தார். வீட்டைக் காக்க வைத்த சுருளுக்கே இவர் காவல்! கெட்ட மனுஷர் இல்லை. ஆயுள் பூராவும் சந்தேகப்படுவதற்கே கூலி வாங்கியவர். வீட்டுக்கு வந்தும் அதைக் கழற்றி வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சந்தேகம்தான் மகனைத் துரத்தியது. மனைவி நசீமாவின் தங்கக் காப்பு காணாமல் போனதும் அவர் கண் நேராக மகன் யெஹியேல் மேல் போனது. "கள்ளப்பயலே, நீ எடுக்கலேன்னா காப்புக்குக் காலா மொளச்சுது?" என்று கத்தினார். அவன் ஹைஃபா துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். அடுத்த பஸ்கா பண்டிகைக்கு வீட்டைப் புரட்டிப்போட்டுச் சுத்தம் செய்தபோது, மெத்தைப் பஞ்சுக்குள் காப்பு கிடந்தது. ஷெமாயா பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. நசீமாதான் தன் அண்ணன் ஒவாதியாவிடம் சொல்லி அனுப்பினாள்: "காப்பு கெடச்சிருச்சு, வரச் சொல்லு. பஸ்கா ராத்திரி நம்ம கதவு தெறந்துதான் கெடக்கும்னு அவனுக்கே தெரியும்."

எகிப்தில் அடிமைகளாயிருந்த யூத முன்னோரை மீட்ட பஸ்கா இரவில் ஆண்டவரே கண்விழித்துக் காவல் நின்றார். அதனால் அன்றைக்கு யாரும் கதவைத் தாழிடுவதில்லை. படுக்கும்போது சொல்கிற பாதுகாப்பு வசனங்களைக்கூடச் சுருக்கிக்கொள்வார்கள். தாழிட்டால் அவருடைய காவலை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

அந்த வருஷம் யெஹியேல் வரவில்லை. மறுவருஷப் பஸ்காவும் வந்துவிட்டது. நசீமா அவனுக்கும் சேர்த்து ஒரு தட்டு வைத்தாள்.

"மாப்ளே, இன்னிக்கு ஒரு நாள் ஆண்டவர் டூட்டி பாக்குறாரு. நீங்க லீவு எடுங்க," என்று ஒவாதியா சீண்டினார்.

"உங்க தங்கச்சி லீவு விட்டா எடுக்கலாம்," என்றபடி ஷெமாயா கடைசி ஆளாக உள்ளே வந்தார். வாசல் திரையைச் சரிசெய்வதுபோல நின்று, சத்தமில்லாமல் தாழ்ப்பாளைத் தள்ளினார். வருஷாவருஷம் செய்வதுதான், யாருக்கும் தெரியாது. ஆண்டவர் மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கதவு திறந்து கிடக்கும் என்பது திருடனுக்கும் தெரியுமே!

விருந்து மேசையில், பசித்தவர் யாரும் வந்து உண்ணலாம் என்று அழைக்கும் பகுதியை அவரேதான் கணீரென்று வாசித்தார். இந்த இடத்தில் வீட்டில் ஒருவர், எகிப்திலிருந்து கிளம்பி வந்தவரைப்போல, புளிப்பில்லா அப்பத்தைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வெளியே போய்க் கதவைத் தட்டவேண்டும். முன்பெல்லாம் அது யெஹியேலின் வேலை. அவன் போனபிறகு யாரும் அதைச் செய்வதில்லை.

கதவு தட்டப்பட்டது.

ஷெமாயாவின் கை மேசையில் இருந்த கத்தியைத் தேடியது. நசீமாவோ எழுந்தேவிட்டாள். "யாரு? எங்கேருந்து வர்றே?" என்று வழக்கப்படி கேட்டாள்.

"எகிப்துலேருந்து," என்றது வெளியே யெஹியேலின் குரல்.

"உள்ள வாடா என் ராசா! கதவு சும்மாதான் சாத்தியிருக்கு!"

கைப்பிடி திரும்பியது. கதவு அசையவில்லை. மறுபடியும் திரும்பியது. ஒவாதியா போய்த் திரையை விலக்கினார். தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஷெமாயாவைப் பார்த்தார்கள்.

"போன வருஷமும் வந்தேம்மா," என்றான் யெஹியேல் வெளியிலிருந்து. "தள்ளிப் பாத்தேன், பூட்டியிருந்துச்சு. சரி, நம்ம வரவேணாம்னு நெனக்கிறாங்கன்னு திரும்பிட்டேன். இந்தத் தடவ தட்டியாவது பாப்போம்னு வந்தேன்."

நசீமா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஷெமாயாதான் எழுந்து போனார். தினமும் தள்ளுகிற தாழ்ப்பாள் அன்று அவர் கைக்கு அகப்படவில்லை. ஒருவழியாகத் திறந்தபோது மகன் இளைத்துப்போய், தோளில் துணிக்கட்டோடு நின்றான்.

"உனக்குப் போடலடா," என்றார் ஷெமாயா. அவருக்கு அழுகை வந்துவிட்டது. "சத்தியமா உனக்கில்ல. கள்ளனுக்குப் பயந்து போட்டேன்."

"என்னையும் கள்ளன்னு சொல்லித்தானேப்பா அனுப்புனீங்க?" என்றான் யெஹியேல்.