ராணி ஜன்னலிலிருந்து தெரிந்த செடி

அரண்மனைத் தோட்டத்தில் அவரை எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலிச் செடிகளைச் சுவர் மாதிரி வெட்டி நிறுத்துவது அவர் வேலை. வேலை முடிந்தும் கை சும்மா இருக்காது. வீட்டில் மேசைவிரிப்பு ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் உட்காருவார். "என் தலைமுடி மேல மட்டும் கை வெச்சிடாதீங்க" என்பாள் மனைவி.

அப்பேர்ப்பட்ட மனிதர் இத்தனை வருஷமாக அரண்மனை மாடிக்குப் போனதே இல்லை. சேற்றுச் செருப்போடு யார் உள்ளே விடுவார்கள்? இன்று தங்கை கூட்டிக்கொண்டு ஏறினாள். அவள் புருஷனுக்கும் இங்கேதான் வேலை, மருந்தடிப்பது. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே கத்திரிதான். நாளையோடு அது போகிறது. அரண்மனையைச் சுற்றிப் பார்க்க வேலைக்காரர்களுக்குக் கொடுத்த குடும்ப அனுமதிச் சீட்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "பிடுங்கறதுக்குள்ள ஒரு தடவையாவது பார்த்துடறேன் அண்ணே" என்று பிடிவாதமாக வந்திருந்தாள்.

வேலை போகக் காரணம் ராணித் தோட்டத்து வேலி கருகியதுதான். இலைக்குச் சத்து மருந்து அடிக்க வேண்டிய டேங்கில் களைக்கொல்லி இருந்திருக்கிறது. டேங்கைக் கழுவாமல் அடித்தான் என்று மாப்பிள்ளை மேல் பழி விழுந்தது.

கழுவாதவர் யார் என்பது கத்திரிக்கு மட்டும்தான் தெரியும். களைக்கொல்லிக்குச் சிவப்புக் கோடு போட்ட டேங்க், சத்து மருந்துக்குப் பச்சைக் கோடு. இதைக் கலக்கவே கூடாது. அன்றைக்குப் பார்த்துச் சிவப்பு டேங்கின் வாய் அடைத்துக்கொண்டது. நடைபாதை இடுக்கில் கொஞ்சம் புல்தானே என்று பச்சை டேங்கைத் தூக்கினார். மழை வந்தது. அப்படியே கொண்டுபோய் மாட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார். மறுநாள் மாப்பிள்ளை அதை எடுத்து வேலிக்கு அடித்தார். பாவி, ஒரு வாய் தண்ணீர் ஊற்றி அலசியிருக்கக் கூடாதா! தன்னைத்தானே திட்டிக்கொண்டாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான், கெட்ட பெயரோடு போக வேண்டுமா என்ற பயம். வெட்கங்கெட்ட பயம்.

அந்தக் காலத்து ராணியின் அறையில் தங்கை தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கட்டிலை எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு குட்டிக் கட்டிலா? ராணி காலை மடக்கிட்டுத்தான் தூங்கியிருப்பா போல." கத்திரி சிரிக்க முயன்றார், முடியவில்லை. அவளே ஜன்னல் பக்கம் போனாள். "அண்ணே, இங்க வாயேன். உங்க தோட்டம்!"

கீழே நின்று பார்த்தபோது கருகல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தது. மேலிருந்து முழுசாகத் தெரிந்தது. அவர் கையால் வளைத்து வளைத்து வெட்டிய வேலி முழுக்கச் செம்பட்டையாகக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு செடி மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது.

"அதுதானா அது?" என்றாள் தங்கை. "குருவிக் கூடு இருக்கு, அதுக்கு மட்டும் அடிக்காதீங்கன்னு நீ சொன்னியாமே. மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டாராம். தப்பிச்சது அது ஒண்ணுதான்."

கத்திரி ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"டேங்கை யாரு தொட்டாங்கன்னு அவர் கேட்கலையா?" குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"யாரைக் கேட்பாரு? தினமும் கழுவித்தான் மாட்டுவேன், அன்னிக்கு மறந்துட்டேன் போலன்னு அவரே நம்பிட்டாரு. ராத்திரி எழுந்து உட்கார்ந்து கையை மோந்து பார்க்கறாரு அண்ணே. கேஸ் அடுப்பை மூடினேனா, கதவைப் பூட்டினேனான்னு என்னையே கேட்கறாரு. வேலை போனா போகுது, வேற பார்த்துக்கலாம். ஆளே பாதியாயிட்டாரு."

பின்னால் வந்த கூட்டம் நெருக்கியது. "நகருங்க, நகருங்க" என்றார் காவலாளி. கத்திரி நகரவில்லை.

"அவர் மறக்கலைம்மா. அந்த டேங்குல களைக்கொல்லி ஊத்தினது நான். கழுவாம மாட்டினதும் நான்தான்."

அவள் அவரையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நேத்து எங்க வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டியே" என்றாள் மெதுவாக. "அவர்தானே பரிமாறினாரு."

"இப்பவே ஆபீஸுக்குப் போய் அதிகாரிகிட்ட சொல்லிடறேன்."

"அதிகாரி கிடக்காரு. முதல்ல அவர்கிட்ட போய்ச் சொல்லு."

வருகிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஏறுகிற படியிலேயே இறங்கினார் கத்திரி. காவலாளி திட்டியது காதில் விழவில்லை. கருவிக் கொட்டகை திறந்திருந்தது. நாளைக்கு ஒப்படைக்க வேண்டிய பச்சை டேங்கை மடியில் கவிழ்த்து, மாப்பிள்ளை தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். மறுபடியும் தண்ணீர் ஊற்றினார். கத்திரியைப் பார்த்ததும் டேங்கை நீட்டினார்.

"மச்சான், நீங்க ஒரு தடவை மோந்து பாருங்களேன். எனக்கு நம்பிக்கை இல்ல."

கத்திரி அதை வாங்கிக் கீழே வைத்தார். ஈரமான அந்தக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க கை மேல தப்பே இல்ல மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தார்.