வைரஸ் தின்ற வயிறு

இன்று காலை வீட்டுக் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றிய வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். உள்ளே ஒரு பல்லி செத்துக் காய்ந்து, மின்விசிறியோடு ஒட்டிக் கிடந்தது. அதன் எச்சம், கரப்பான் முட்டை, வாவிக் காற்று அப்பிவிட்டுப் போன உப்புத் துரு, எல்லாம் சூடேறி ஆறி, சூடேறி ஆறி ஒரே மணமாகியிருந்தன. மணம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாற்றம்தான்.

கழற்றியதற்குக் காரணம் உண்டு. இயங்குதளம் தன்னைத்தானே புதுப்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று நாளாக முப்பத்தைந்து வீதத்திலேயே நிற்கிறது. கூடவே, அணைக்க வேண்டாம் என்று எனக்கொரு கட்டளை. என் வீடு, என் மின்சாரம், என் மேசை. ஆனால் அதைக் கேட்டுத்தான் நான் அணைக்க வேண்டுமாம். அருவருப்பாக இருக்கிறது.

பல்லி நாற்றம் எனக்குப் புதிதில்லை. ஒரு காலத்தில் எனக்குச் சோறு போட்டதே அதுதான். செங்கலடிச் சந்திக்குக் கிட்ட ஒரு கணினி திருத்தும் கடையில் நாலு வருடம் வேலை பார்த்தேன். கடைக்காரர் தவம் அண்ணன் என்னை வேலைக்கு எடுத்தது என் திறமையைப் பார்த்தல்ல. பக்கத்து ஏறாவூரில் பல வீடுகளில் ஆண்கள் கட்டாரிலும் சவூதியிலும் இருந்தார்கள். அவர்கள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன கணினிகள் வீட்டின் உள்ளறைகளில் இருந்தன. பழுது வந்தால், "பொம்புளப் புள்ள இருந்தா அனுப்புங்க" என்றுதான் கடைக்கு அழைப்பு வரும். அந்தப் பொம்புளப் புள்ள நான். சைக்கிள் கூடையில் சீடிப் பையையும் திருப்புளியையும் போட்டுக்கொண்டு போய்விடுவேன்.

அந்த வீடுகளில் கணினிக்குச் சட்டை தைத்துப் போட்டிருப்பார்கள். சுருக்கு வைத்த பூப்போட்ட சட்டை. தூசி படக்கூடாதாம். ஓடிக்கொண்டிருக்கும்போதும் கழற்ற மாட்டார்கள். அது உள்ளே வெந்து நிற்கும். பல்லிகளுக்கு அதைவிடச் சுகமான அடைகாக்கும் இடம் மட்டக்களப்பில் இல்லை. சட்டையைத் தூக்கினால் முட்டை பொலுபொலுவென்று உதிரும். வீட்டுக்காரி அதற்குள் தேத்தண்ணியும் பலகாரமும் கொண்டுவந்து வைத்துவிடுவாள். கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் அந்தப் பலகாரத்தில் பல்லிதான் மணக்கும். உபசாரத்தைத் தட்டக்கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவேன்.

தவம் அண்ணனின் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். "புள்ள, யோசிக்காத. யோசிச்சா பொழுதுதான் போகும். போர்மட் அடி." கணினியின் வட்டில் உள்ளதை முழுதாகத் துடைத்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றுவதுதான் போர்மட். அச்சு வரவில்லையா, போர்மட். சத்தம் கேட்கவில்லையா, போர்மட். ஒருமுறை ஒலிபெருக்கியின் வயர் கழன்று கிடந்ததைப் பார்க்காமல் நானே போர்மட் அடித்திருக்கிறேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். ஆனால் கொளுத்திவிட்டுப் புது வீடு கட்டிக் கொடுப்போம் என்பதால் எங்களுக்கு நல்ல பெயர்.

கடைக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் அயலவர் ஏதும் கொடுத்துவிட்ட பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். நாலு மாங்காயோ ஒரு பிடி சீனியோ வைத்துத்தான் கொடுப்போம். தவம் அண்ணன் அதைக் கணினிக்கும் கொண்டுவந்துவிட்டார். "வெறும் வட்டாக் குடுக்கிறது வடிவில்ல" என்பார். கோயிலுக்குப் போகிற வீடென்றால் பக்திப் பாட்டு, முஸ்லிம் வீடென்றால் பயான் என்கிற மார்க்கப் பேச்சு, பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் படங்கள் என்று வட்டு நிறைய ஏற்றிக் கொடுப்போம். சனங்களுக்குச் சந்தோசம். துடைத்த இடத்தின் மேல் வேறொன்றை எழுதிவிட்டால் பழையதை எந்தச் சாமி வந்தாலும் மீட்க முடியாது என்பது அந்தச் சந்தோசத்தில் எங்களுக்குத் தெரியவும் இல்லை, தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை.

மர்ளியா ராத்தாவை அப்படிப் பழுது பார்க்கப் போய்த்தான் பழக்கம். அக்காவை ஏறாவூர் முஸ்லிம்கள் ராத்தா என்பார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை. வெளிவாரிப் பட்டம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்தார். பட்டம் கிடைத்தால் நியமனம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. கடைசி வருட ஆய்வுக்கு, ஆலைகளுக்கு நெல் அவித்துக் கொடுக்கும் பெண்களைப் பற்றி எழுத எடுத்திருந்தார். இரண்டு வருடம் வீடு வீடாகப் போய், அவிக்கிற கிடாரத்துப் புகையில் கண் கலங்க உட்கார்ந்து, அவர்கள் சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதியவர். பிறகு அத்தனையையும் ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கணினியில் ஏற்றினார்.

அந்தக் கொப்பிகள் எங்கே என்று கேட்பீர்கள். ஒருநாள் சுட்டியைத் திருத்தப் போனபோது கட்டிலடியில் அவை கட்டுக்கட்டாகக் கிடந்தன. எலிப்புழுக்கை வேறு. நான்தான் பெரிய மேதாவி மாதிரிச் சொன்னேன். "கம்பியூட்டர்ல ஏத்தினா மறுகா என்னத்துக்கு ராத்தா இந்தக் குப்ப?" ராத்தாவின் தம்பிக்குச் சந்தியில் வடைக் கடை. கொப்பிகள் அங்கே போயின. ஆறு மாதம் ஏறாவூர்ச் சனம் அந்தப் பெண்களின் கதைகளில் எண்ணெய் துடைத்து வடை தின்றது.

ஆய்வை ஒப்படைக்க இரண்டு கிழமை இருக்கும்போது ராத்தா அழைத்தார். அச்சுக்கடையில் பென் டிரைவைக் குத்தி எடுத்து வந்த பிறகு கணினி ஒரு மாதிரியாக நடக்கிறதாம். போனேன். கணினியிலும் பென் டிரைவிலும் ஆய்வு இருந்த கோப்புறைகளைக் காணவில்லை. அவற்றின் பெயரில் சின்னச் சின்னக் குறுக்குவழிகள்தான் கிடந்தன. சொடுக்கினால் ஒன்றும் திறக்கவில்லை. அந்த நாட்களில் பென் டிரைவ் வழியாக ஊரெல்லாம் பரவிய வைரஸ் அது. பரப்பியதில் அரைவாசி எங்கள் கடையின் பென் டிரைவாகத்தான் இருக்கும்.

"எல்லாம் போய்ட்டா புள்ள?" என்று ராத்தா கேட்டார்.

வட்டின் அளவைத் திறந்து பார்த்தேன். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை நீலத்தில் காட்டும் ஒரு வட்டம் வந்தது. வட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வட்டத்தில் பாதிக்கு நீலம். ராத்தா அதைக் கவனித்துவிட்டார். "ஒண்டும் இல்லண்டா இந்த நீலம் என்ன புள்ள?"

நல்ல கேள்வி. நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். ஆனால் யோசிக்காதே என்பதுதானே நான் படித்த படிப்பு. தெரியாது என்று சொல்லவும் வெட்கம். "அது வைரஸ்ட வயிறு ராத்தா. உங்கடதத் தின்டு வீங்கிப் போய்க் கிடக்கு. இத இப்பிடியே விட்டா மிச்சத்தையும் தின்னும்."

ராத்தா முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அந்த நீலத்தைப் பார்த்தார். ஏதோ அசிங்கத்தைப் பார்ப்பது போல. "சீ. அழிச்சிடுங்க" என்றார். அழித்தேன். பென் டிரைவையும் விடவில்லை. இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றி, வழக்கப்படி பயானும் கார்ட்டூனும் நிரப்பி, பூச்சட்டையையும் போட்டுவிட்டு வந்தேன். மத்தியானம் முழுக்க நான் குனிந்து நின்று பாடுபட்டதாக ராத்தாவுக்கு என் மேல் இரக்கம். வாசல்வரை வந்து, "அல்லாஹ்ட நாட்டம். நீங்க என்ன செய்யிற" என்றார்.

அந்த ஆய்வு ஒப்படைக்கப்படவில்லை. திரும்ப எழுதலாம் என்று ராத்தா கிளம்பினார்தான். அதற்குள் ஆலைகளே நீராவியில் அவிக்கத் தொடங்கியிருந்தன. பெண்கள் ஆளுக்கொரு திசை. இரண்டு பேர் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்கள். பட்டம் இல்லாமல் நியமனமும் இல்லை. ராத்தா இப்போதும் ஒரு பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

சில வருடங்களில் எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. ஆம், எனக்குக் கிடைத்தது. மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். வகுப்பெடுத்தவர் ஒரு பென் டிரைவைத் திறந்து காட்டினார். வெறுமை. சில குறுக்குவழிகள். வட்டத்தில் பாதிக்கு நீலம். "இந்த வைரஸ் ஒண்டையும் தின்னாது. ஒளிச்சு மட்டும்தான் வைக்கும்" என்று சொல்லி, கறுப்புத் திரையில் ஒரேயொரு வரியைத் தட்டினார். கோப்புறைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. வகுப்பு கைதட்டியது. நான் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். காலையில் தின்ற பணிஸ் சரியில்லை என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு நோன்புக்கும் ராத்தா தம்பியின் ஓட்டோவில் எங்கள் வீட்டுக்குக் கஞ்சி அனுப்புவார். மூடி போட்ட சிறிய வாளியில், சுடச்சுட. வைரஸோடு மல்லுக்கட்டின புள்ளைக்கு என்று சொல்லி அனுப்புவாராம். நான் குடிப்பேன். வாளியைக் கழுவி, வாழைப்பழமோ முந்திரிகையோ வைத்துத் திருப்பி அனுப்புவேன். இப்படிப் பல வருடம். பல்லி மணத்த பலகாரமாவது கண்ணை மூடினால் இறங்கியது. இந்தக் கஞ்சி அப்படியும் இறங்கவில்லை.

போன வருடம் பெருநாள் முடிந்து ஒரு கிழமையில் ராத்தாவின் மகளுக்குக் கல்யாணம். போயிருந்தேன். கூடியிருந்த பெண்களுக்கு ராத்தா என்னை அறிமுகம் செய்தார். "இந்தப் புள்ளதான் என்ட ஆய்வக் காப்பாத்த அண்டைக்கு அவ்வளவு பாடுபட்ட." எல்லோரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். எனக்கு என் தோலே கூசியது. பெண்கள் கலைந்ததும் ராத்தாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"ராத்தா, அது அழிஞ்சிருக்கல்ல. ஒளிஞ்சுதான் இருந்த. நான்தான் அழிச்ச."

ராத்தா வாளியைக் கிணற்றில் இறக்கித் தண்ணீர் அள்ளி வைத்தார். பிறகு கேட்டார். "அப்ப அந்த நீலம்?"

"அது உங்கட எழுத்து, ராத்தா."

ராத்தா வாளியிலிருந்த தண்ணீரில் கையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு வைரஸே போதுமா இருந்திச்சி, புள்ள" என்று சொல்லிவிட்டுக் கல்யாண வீட்டுக்குள் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால் மனம் இலேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. ராத்தாவுக்கு இத்தனை வருடமும் திட்டுவதற்கு ஒரு வைரஸாவது இருந்தது. நான் போய் அதையும் துடைத்துவிட்டு வந்தேன்.

தவம் அண்ணன் கனடா போய்விட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். சீடிப் பை, பூப்போட்ட சட்டை, அந்த வைரஸ், ஒன்றும் இன்று இல்லை. பென் டிரைவைக் கண்டால் என் அலுவலகத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இயங்குதளம் தன் பழுதைத் தானே பார்த்துக்கொள்கிறது, அல்லது முப்பத்தைந்து வீதத்தில் நின்று பார்ப்பதாகப் பாவனை செய்கிறது.

பல்லியை ஈர்க்கிலால் தள்ளிவிட்டுக் கையைக் கழுவ அடுப்படிக்குப் போனேன். இந்த வருட நோன்பு வந்து, முடிந்தும் போய்விட்டது. கஞ்சி வரவில்லை. போன வருடம் வந்த வாளி மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கழுவிக் கவிழ்த்தபடி. திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறுமையாகக் கொடுப்பதில்லை. எதை வைத்துக் கொடுப்பதென்றுதான் தெரியவில்லை.